காக்காவின் முகத்தைக் கேட்ட போன்

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் கடனுக்குத் தான் பொறுப்பு என்று ஒருவர் எழும்பி நின்று சொல்ல வேண்டும். அவருக்கு மகன் இருந்தால் மகன் சொல்வான். காக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இமாம் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் மூத்த சகோதரனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு இருந்தது அந்த ஒரு காக்காதான்.

ஆட்கள் கூடிய இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்குப் பாதிக் காரணமும் அதுதான். எழும்பி நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அன்றைக்குப் பள்ளிவாசலில், காக்காவைக் கிடத்தியிருந்த சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று, பாயைப் பார்த்தபடி சொன்னேன்.

"இவர் ஆருக்காச்சும் கடன் குடுக்க இரிந்தா என்னட்டக் கேளுங்க. நான் பொறுப்பு."

"பின்னுக்குக் கேக்கல்ல" என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு தரம் சொன்னேன்.

சொல்லி வாயை மூடவில்லை, என் சட்டைப் பைக்குள் ஏதோ நடுங்கியது. காக்காவின் போன். குளிப்பாட்ட எடுக்கும்போது தலைமாட்டில் கிடந்ததை யாரோ என் கையில் தந்திருந்தார்கள், நான் மறந்துபோனேன். தொழுது, மையவாடிக்குப் போய், மண் போட்டு, கை கழுவிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். முதலில் காக்காவின் பெயர் இருந்தது. பிறகு, அன்பான வாடிக்கையாளரே என்று இருந்தது. உங்கள் தவணை நாளையுடன் முடிவடைகிறது என்று இருந்தது.

நான் சொன்னதை அது கேட்டுவிட்டதாகவே அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

அது என்ன கடன் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்த நாளில் நானும் அந்த அறையில் நின்றேன்.

மச்சியின் காணி கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் இருக்கிறது. மச்சி என்றால் காக்காவின் மனைவி. மேல்வயல், கீழ்வயல் என்று இரண்டு துண்டு, நடுவில் ஒரு வாய்க்கால். இரண்டும் மச்சியின் சீதனம். எங்கள் ஊர்களில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்கள் நாங்கள் கட்டிய பெண்ணின் வீட்டில் போய்க் குடியிருப்போம். காணிப் பத்திரமான உறுதியில் மச்சியின் பெயர் இருந்தது. ஆனால் விவசாயிகளைப் பதிகிற கமநல நிலையத்தில் வயல் செய்கிறவர் என்று காக்காவின் பெயர். நெல் முதலாளியின் கடையில் காக்காவின் பெயர். போன் சிம்மும் காக்காவின் பெயரில். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான்.

காக்கா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு வயலைப் பார்த்தது மச்சிதான். நான் கூலிக்கு வேலை செய்கிறவன். மச்சி சொல்வார், நான் செய்வேன். உரத்தை முதலாளி கடனுக்குத் தந்தார், அறுவடையில் நெல்லாகக் கழித்துக்கொள்வார். ஆனால் உழவுக்கும் வெட்டு மெஷினுக்கும் ஆட்களுக்கும் கைக்காசு வேண்டும். முதலாளி கைக்காசு தரமாட்டார். மச்சியின் நகை எல்லாம் வைத்தியச் செலவுக்கு அடகு போய், அப்படியே மூழ்கிப் போனது. வங்கிக்குப் போனால் இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைப் பிணைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். கல்முனையில் போன் கடையில் இருந்த பிள்ளைதான் இந்த ஆப்பைக் காட்டிக் கொடுத்தது. போனுக்குள்ளேயே கடன் கேட்கலாம், கையெழுத்து வேண்டாம், பிணை வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும் என்று சொன்னது.

மச்சி முதலில் தன்னுடைய முகத்தைத்தான் காட்டினார். தற்போது உங்களுக்குத் தகுதி இல்லை என்று வந்தது. பிறகு காக்காவின் போனில் காக்காவின் முகத்தைக் காட்டினார். பேச்சில்லாமல், ஒரு பக்கம் இழுத்துப்போய், தலையணையில் கிடந்த முகம். வட்டத்துக்குள் முகத்தை வையுங்கள் என்றது போன். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. காக்கா சிமிட்டினார். உடனே காசு வந்தது.

காக்காவால் பேச முடியாது. ஓம் என்றால் ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பார். அப்படித்தான் தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் படுக்க வைக்கவா என்று கேட்போம். அதனால் மச்சி போனைப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, விதைக்கணும், எடுக்கட்டா?" என்று கேட்பார். அவர் சிமிட்டுவார். அது மச்சிக்கும் பதில், போனுக்கும் பதில். சேவைக் கட்டணம் என்று ஒன்றைக் கூட்டிக் கேட்பார்கள். அது வட்டிதான் என்று மச்சிக்கும் தெரியும், காக்காவுக்கும் தெரியும். கேட்டுவிட்டு மச்சி ஒவ்வொரு தரமும் அவர் நெற்றியைத் துடைத்துவிடுவார்.

கடைசியாக எடுத்த நாளில் காக்கா சிமிட்டவில்லை. கண்ணைத் திறந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சி இரண்டு தரம் கேட்டார். அவர் திறந்த கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் சேர்ந்து காதுப் பக்கம் வழிந்தது. பிறகு தாங்க முடியாமல் மூடித் திறந்தார். போன் அதை எடுத்துக்கொண்டது.

மச்சி அவர் நெற்றியோடு காதுப் பக்கத்தையும் துடைத்துவிட்டார். அது ஓம்தானா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜனாஸா முடிந்த கையோடு ஊர்க் கடன்கள் தீர்ந்துவிட்டன. உழவு மெஷின்காரர் வந்து, பாக்கியை ஹலாலாக்கிவிட்டேன், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நெல் முதலாளி தனக்கு ஒன்றும் வர இல்லை என்றார். மிஞ்சியது போன் மட்டும். அது காலையில் ஒரு தரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம் காக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. சில நாள் ஒரு பெண்பிள்ளை எடுத்து, காக்காவோடு கதைக்க வேண்டும் என்று கேட்டது. அவர் மௌத்தாகிவிட்டார் என்று நான் சொன்னேன். "அப்ப எத்தின மணிக்குக் கதைக்கலாம்?" என்றது. பாவம், அந்தப் பிள்ளை வாசிக்கக் கொடுத்ததை வாசிக்கிறது போல.

என் மனைவி வளர்த்த ஆடுகளில் இரண்டை விற்றோம். அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டபோது ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"காலத்துக்கும் வாய் துறக்காத மனிசன் பள்ளியில போய் ஒருநாள் வாய் துறந்தீங்க" என்றாள். "என்ட ஆட்டுக்கு மௌத்து."

ஆனாலும் கயிற்றை அவளே அவிழ்த்துத் தந்தாள். கல்முனைக்குப் போய், போன் கடையில் கட்டினேன். கடையை விட்டு இறங்குவதற்குள் செய்தி வந்தது. வாசித்துக்கொண்டே பஸ்சை விட்டுவிட்டேன். பின்னேரம் மச்சியின் வீட்டுக்குப் போனேன்.

மச்சி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, வேற்று ஆண்களின் கண்ணில் படக் கூடாது. நானும் வேற்று ஆண்தான். அறை வாசலில் ஒரு பச்சைச் சீலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நான் விறாந்தைக் கதிரையில் இருப்பேன். என் மனைவி உள்ளே மச்சியோடு இருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்தத் திரை எனக்கு வசதியாக இருந்தது. முகம் பார்க்காமல் கதைப்பது எனக்கு லேசு. அத்தனை வருடத்தில் கதைக்காததை எல்லாம் அந்த மாதங்களில் நானும் மச்சியும் கதைத்தோம்.

செய்தியை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். உங்கள் கடன் முழுமையாகச் செலுத்தப்பட்டது. நீங்கள் எங்கள் சிறந்த வாடிக்கையாளர். இப்போது முன்பைவிட இரு மடங்கு பெற்றுக்கொள்ளலாம்.

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"அல்லாவே, உசிரோட இருக்கக்கொள இந்த மனிசனுக்கு ஒருத்தனும் அஞ்சு சதம் நம்பிக் குடுத்ததில்ல" என்றார் மச்சி. "மறுகா இப்பதான் நம்பிக்கை வந்திரிக்கி."

என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். வெளியே மாரிக்காற்று தொடங்கியிருந்தது. மற்ற வயல்களில் முதல் உழவு முடிந்துவிட்டது. எங்கள் மூன்று பேரின் மனதிலும் ஒன்றுதான் ஓடியது.

அந்தப் போகம் விதைக்காவிட்டால் காணியைக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டி வரும். நெல் முதலாளி ஏற்கெனவே கேட்டிருந்தார். அவர் கைக்குப் போன காணி ஒரு போகத்தோடு திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. குத்தகை, பிறகு முற்பணம், பிறகு இன்னொரு குத்தகை என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை இல்லாத விதவைக்கு அந்தக் காணியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

நான் போகாத இடம் இல்லை. கமநல நிலையத்தில் பெயரை மாற்றலாம், ஆனால் மச்சி நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். இத்தா என்றேன். இத்தா முடிந்து வரட்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இத்தா முடியும்போது மற்ற வயல்களில் கதிர் தலை சாய்ந்திருக்கும். பள்ளிவாசலில் ஏழைகளுக்கான ஸக்காத் நிதியில் கேட்டேன். காணி உள்ளவருக்கு அது சேராது என்றார்கள். அதுவும் சரிதான். எல்லாரும் சொன்னது சரிதான். ஆனால் விதைப்பு நாள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் போயிருந்தபோது திரை கொஞ்சம் விலகி, ஒரு கை வெளியே வந்தது. கையில் காக்காவின் போன்.

"மச்சான்."

"என்ன மச்சி?"

"உங்கட முகத்த ஒருக்காக் காட்டிப் பாருங்களன்."

எனக்கு விளங்கவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "நீங்களும் காக்காவும் ஒரே அச்சுத்தானே. கடைத்தெருவில எத்தின பேர் காக்காண்டு நினைச்சு உங்களக் கூப்பிட்டிரிக்கான்."

அது உண்மை. எனக்கு வயது ஏற ஏற அவர் முகம் என் முகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. நான் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். முருங்கைக்குப் பக்கத்தில் நல்ல வெயில். போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு விரலும் வைக்கவில்லை. அது என்னைப் பார்த்துத் திறந்துகொண்டது.

வீட்டு நாய் என்னைக் காக்கா என்று நினைத்து வாலாட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆப்பைத் திறந்தேன். காக்காவின் பெயர் சொல்லி ஸலாம் சொல்லாத குறையாக வரவேற்றது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. மச்சி சொன்ன தொகையை அழுத்தினேன். வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஒரு முகம். சவரம் செய்த தாடை, ஏறிய நெற்றி, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு. நான் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைச் சிமிட்டுங்கள் என்று எழுத்து வந்தது.

அப்போதுதான் எனக்குக் கண்ணை மூட முடியாமல் போனது. மூடினால் கடன் ஏறும். என் மேல் அல்ல, மச்சியின் மேலும் அல்ல. பள்ளிவாசலில் ஊரைக் கூட்டி வைத்து, இவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆக்கி அனுப்பிய மனிதரின் மேல். அவர் இனி எழும்பி வந்து எதை வைத்துக் கட்டுவார்? வெயில் கண்ணில் குத்தியது. காற்றில் முருங்கைப்பூ உதிர்ந்து போனில் விழுந்தது. எழுத்து போகவில்லை. கண்ணைச் சிமிட்டுங்கள். கண் எரிந்தது. தண்ணீர் நிறைந்து வட்டம் கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள் தலையணையில் கிடந்த முகம் தெரிந்தது. அன்றைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று என் கண்ணுக்குத்தான் முதலில் விளங்கியது.

போனைக் கவிழ்த்து மார்போடு வைத்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"ஏலா மச்சி" என்றேன்.

"போன் ஏலாண்டு சொல்லிச்சா, நீங்க ஏலாண்டு சொல்றீங்களா?"

"நான்."

திரைக்குக் கீழால் ஒரு கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. பிறகு மச்சி கேட்டார்: "கடைசித் தரம் அவரும் அப்பிடித்தானே?"

நான் போய்க் கதிரையில் இருந்தேன். "தேத்தண்ணி ஊத்து புள்ள" என்று மச்சி என் மனைவியிடம் சொன்னது கேட்டது.

அடுத்த நாள் மச்சி நெல் முதலாளியை வரச் சொல்லி என்னை அனுப்பினார். அவர் வந்து விறாந்தையில் என் கதிரையில் அமர்ந்தார். நான் தூணோடு நின்றேன். முதலாளி கெட்டவர் இல்லை. உரம், எண்ணெய், நெல் என்று எல்லாத்துக்கும் ஊர் அவரிடம்தான் போகும். வயது போனவர், மச்சியை மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"உரமும் கைக்காசும் வேணும்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து மச்சியின் குரல். "அறுவடைக்கு நெல்லாத் தாறன். வழமை போல."

"வழமை போலண்டா எப்பிடி மகள்? வழமைக்கு ஆள் இல்லையே."

"ஆள் நான்தான். ரெண்டு வருசமா உங்கட உரத்தப் போட்டதும் நான்தான், நெல்லு அனுப்பினதும் நான்தான்."

"தெரியும். அவர் இருந்தாரே."

"படுத்துத்தானே இருந்தார்."

"படுத்தாலும் இருந்தார்" என்றார் முதலாளி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ பொறுப்பு நிக்கிறியா? பள்ளியில நிண்டாய்தானே. நீ ஓமெண்டு சொல்லு, நாளைக்கே உரம் வரும்."

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னிடம் என்ன இருக்கிறது, மிச்சம் இரண்டு ஆடு. ஆனாலும் என் தலையசைப்பு மச்சியின் காணி உறுதியைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது.

"அவர்ட்டக் கேக்காதீங்க" என்றார் மச்சி. குரல் உயரவில்லை. "காணி என்ட. என்னட்டக் கேளுங்க."

"முகம் பாக்காம கடன் குடுக்கிற பழக்கம் எனக்கில்ல மகள்."

"இத்தாவில இரிக்கிற பொம்பிளைட முகத்தக் கேக்கிற பழக்கம் எப்ப வந்திச்சு?"

உள்ளே என் மனைவி சிரிப்பை அடக்குவது வெளியே கேட்டது. முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில், கீழ்வயலுக்கு மட்டும் தருகிறேன் என்றார். நெல் விலையை இப்போதே பேசி முடிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன விலை குறைவு. மச்சி கொஞ்சம் ஏற்றினார். அவர் கொஞ்சம் இறக்கினார். விதைநெல் தன்னிடம் இல்லை, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார். படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நெல்லு வராட்டி நான் உன்னட்டத்தான் வருவன்."

விதைநெல் வந்த வழி யாரும் நினைக்காத வழி. இத்தா வீட்டுக்குப் பெண்கள் வந்து போவார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று சீனி, பிஸ்கட், தேயிலை கொண்டு வருவார்கள். மச்சியின் அலுமாரியில் சீனி மலை போலச் சேர்ந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நாவிதன்வெளியில் சீதனக் காணி உண்டு. வீட்டில் விதைநெல் இருக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும். "இனிச் சீனி வேணா கா, விதைநெல்லுக் கொண்டாங்க, அளந்து வாங்கி அளந்து தாறன்" என்று மச்சி சொன்னார். அவர்கள் அபாயாவுக்குள் பையை மறைத்துக்கொண்டு வந்தார்கள். "என்ட மனிசனுக்குத் தெரியாது, வாய விட்டுராதீங்க" என்று ஒருத்தி சொன்னது திரையைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவளுடைய மனிசன் அந்த நேரம் வேலிப் படலையடியில் நின்று என்னோடுதான் கதைத்துக்கொண்டிருந்தார்.

நெல் எல்லாம் ஒரே இனம் இல்லை. ஒரு வீட்டில் வெள்ளை, ஒரு வீட்டில் சிவப்பு, ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தும். கலந்துவிட வேண்டாம் என்று மச்சி கண்டிப்பாகச் சொன்னார். வாங்கிய நெல்லையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டு நெல்லையும் வயலில் வரம்பு கட்டிய ஒவ்வொரு வரவையாகப் பிரித்து விதைத்தேன். எந்த வரவை எந்த வீடு என்பது மச்சியின் தலைக்குள் இருந்தது.

வயலைப் பார்க்க முடியாததுதான் மச்சிக்குப் பெரிய வேதனை. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பார். நான் கையால் காட்டுவேன், பிறகு திரை இருப்பது நினைவு வரும். போனில் படம் எடுக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். நான் அந்தப் போனை மறுபடி முகத்துக்கு நேரே தூக்க விரும்பவில்லை. ஒரு பூவரசங்கம்பைச் சீவி, ஒவ்வொரு நாளும் வரவைக்குள் ஊன்றி எடுத்து, ஈரத்தோடு கொண்டு வந்தேன். திரைக்குக் கீழால் நீட்டுவேன். மச்சி ஈரம் ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்து, "இன்டைக்குக் கொஞ்சம் வடியவிடுங்க" என்பார். சேறு ஒட்டியிருந்தால் அதை விரலால் வழித்தெடுப்பார். கம்பு சுத்தமாகத் திரும்பி வரும்.

மேல்வயல் அப்படியே கிடந்தது. உழாத மண், போன போகத்தில் வெட்டி மிஞ்சிய தாள், மழைத்தண்ணீர். கிட்டங்கிப் பக்கமிருந்து பார்த்தால் வாய்க்காலுக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சாம்பல். பின்னேரங்களில் நான் கீழ்வயலில் களை எடுக்கும்போது மேல்வயலில் யாரோ நிற்பது போலவே இருக்கும். நிமிர்ந்தால் கொக்குகள்தான். ஆனாலும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

போன் அந்த நாட்களிலும் ஓயவில்லை. வாய்ப்பைத் தவறவிடாதீர்கள் என்று காக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. சிம்மை எறிந்துவிடலாம் என்றேன். மச்சி வேண்டாம் என்றார். வாய்க்கால் தண்ணீர் திறக்கிற நாள், உரம் வருகிற நாள் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது. அதனால் போன் ஆணியில் ஒரு பைக்குள் தொங்கியது. சார்ஜ் போடுகிறது என் வேலை. நான் தாடி வளர்க்கத் தொடங்கினேன். நபிவழியான சுன்னத்துக்காக என்று ஊர் நினைத்தது. நானும் இல்லை என்று சொல்லவில்லை. தாடி கன்னத்தை மூடி வளர்ந்த பிறகும் அது என் முகத்தைக் கண்டால் திறந்துகொள்கிறது.

இத்தா முடிந்த அன்று மச்சி குளித்து, ஆட்டோ பிடித்து, நேரே வயலுக்கு வந்தார். என் மனைவியும் கூட வந்தாள். கீழ்வயல் ஓர் ஒழுங்கும் இல்லாமல் இருந்தது. ஒரு வரவை மஞ்சள், ஒரு வரவை இன்னும் பச்சை, ஒன்றில் கதிர் செம்மையாகச் சாய்ந்திருந்தது. பக்கத்து வயல்காரர் அதைப் பார்த்து, "ஒட்டுப் போட்ட சாரம் மாதிரி இரிக்கி" என்று தன் இடுப்புச் சாரத்தைக் காட்டிச் சிரிப்பார். மச்சி வரம்பில் நடந்துகொண்டே ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொன்னார். ஒன்றும் பிழைக்கவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். நான் பின்னால் தள்ளி நின்றேன். திரை இல்லாமல் மச்சியோடு கதைக்க எனக்கு மறுபடி கூச்சம் வந்துவிட்டது.

பிறகு மச்சி வாய்க்காலைத் தாண்டி மேல்வயலுக்குப் போனார். தாளுக்குள் நடுவில் போய் நின்றார். தன்னுடைய போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பது தூரத்தில் தெரிந்தது. வெயிலில் அப்படியே நின்றார். திரும்பி வந்தபோது என் மனைவி என்ன என்று கேட்டாள்.

"தகுதி இல்லையாம்" என்றார். "அவன்ட கண்ணுக்கு இன்னும் நான் தெரியல்ல."

அறுவடை ஆனது. முதலாளிக்குப் பேசிய விலையில் நெல் போனது. வீடு வீடாக விதைநெல் அளந்து போனது, வந்த வழியிலேயே, அபாயாவுக்குள். மிஞ்சியது அதிகம் இல்லை. ஆனால் காணி கை மாறவில்லை. மச்சி கமநல நிலையத்துக்கும் நேரே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

சிறுபோகத்துக்கு முதலாளியிடம் மச்சி தானே போனார். முகம் பார்த்துக் கதைத்தார். இந்தத் தரம் இரண்டு வயலுக்கும் உரம் தருகிறேன் என்று முதலாளி சொன்னாராம். அடுத்த நாள் காலையில் சின்ன லொறி வந்து வீட்டு வாசலில் நின்றது. நான் இறக்கப் போனேன். எந்த மூட்டை யாருக்கு என்று தெரிவதற்காகக் கடையில் மேல் மூட்டையில் மையால் பெயர் எழுதிவிடுவார்கள். இதிலும் எழுதியிருந்தது. காக்காவின் பெயர். ஈரம் காயாத புது மை.

மச்சி பார்த்தார். லொறிக்காரரிடம், "இது ஆர்ர பேரு?" என்று கேட்டார்.

"கடையில அப்பிடித்தான் எழுதித் தந்தாங்க" என்றார் அவர். "உங்கட வீடுதானே?"

"வீடு என்ட."

"அப்ப இறக்கட்டா?"

மச்சி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குப் போன் எடுத்தார். பெயரை மாற்றி எழுதும்படி சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. "அடுத்த முறையா?" என்று மச்சி கேட்டது மட்டும் கேட்டது. போனை மடியில் செருகிவிட்டு, "இறக்குங்க மச்சான்" என்றார். "உரம் தேவைதானே."

மேல் மூட்டையை நான்தான் தோளில் எடுத்தேன். எழுத்து என் பக்கம் இருந்தது. வாசலுக்குள் போகும்போது அது கழுத்தோடு ஒட்டிக் குளிர்ந்தது. காக்காவைச் சந்தூக்கில் தூக்கியதும் அந்தத் தோளில்தான்.

மூட்டையை இறக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மை பிடித்திருந்தது. எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருந்ததால் எனக்கு வாசிக்க முடியவில்லை. என் மனைவி இரண்டு தரம் சவுக்காரம் போட்டுத் தோய்த்தாள். போகவில்லை. வயலுக்குப் போகிற சட்டைதானே என்று அதையே போட்டுக்கொண்டு மேல்வயலை உழப் போகிறேன்.